நஞ்சி மூடின குழி

ஒரு ஊர்ல ஒரு குழி இருந்துச்சாம்.

என்னடா முழிக்கற? ராஜா கிடையாது, ராணி கிடையாது. குழிதான். ராஜா இல்லாம தூக்கம் வராதுன்னா, போகப் போக ஒரு ஆபீசர் வருவாரு, அவரை வெச்சு சமாளிச்சுக்கோ. ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுரும்.

"ம்."

அந்த ஊரு மலை மேல. மொத்தமே பதினோரு வீடு. அதுல ஒரு வீட்டுல நஞ்சின்னு ஒருத்தி இருந்தா. அவ பேசினா நாலு வார்த்தைதான். அஞ்சாவது வார்த்தை வேணும்னா ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வரணும்.

"அம்மாவா அக்கா?"

வேற நஞ்சி. உலகத்துல ஒரு நஞ்சிதான் இருக்கணுமா? ம் கொட்டு.

"ம்."

அந்த ஊருக்குப் பக்கத்துல ஒரு மலைச்சரிவு. சரிவு பூரா காட்டுக் கிழங்குக் கொடி. மழையெல்லாம் ஓஞ்சு, கொடி காஞ்சு, தை மாசம் பொறந்தா நஞ்சி கம்பை எடுத்துக்கிட்டுப் போவா. சரக், சரக், சரக். இடுப்பளவு தோண்டுவா. கிழங்கை எடுப்பா. ஆனா முழுசா எடுக்க மாட்டா. கொடியோட தலை இருக்குல்ல, அதுல கட்டை விரல் அளவு கிழங்கை விட்டு வெட்டி, தலையைத் திரும்பக் குழியிலயே வெச்சிருவா. அப்புறம் மண்ணைத் தள்ளி, மேல சருகு பரப்பி, தப், தப், தப்புன்னு மூணு தட்டு தட்டுவா. அடுத்த வருஷம் அதே எடத்துல கிழங்கு.

அந்த ஊர்ல ஒரு கட்டு உண்டு. குழியைத் திறந்து போட்டுட்டு வந்தா அன்னைக்கு அந்த வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது. அதனால எல்லாரும் மூடுவாங்க. எப்படி மூடுவாங்கன்னா, மோப்பம் புடிச்சுக்கிட்டு வர்ற காட்டுப் பன்னியே அது மேல நின்னுக்கிட்டு, 'இங்க எங்கயோதானே வாசம் வந்துச்சு, உர்ர்ர்' அப்படின்னு தலையைச் சொறியும். அந்த அளவுக்கு மூடுவாங்க.

"ம்."

அப்போ ஆனி மாசம் நஞ்சிக்கு ஒரு பொண் கொழந்தை பொறந்துச்சு. அழகுன்னா அப்படி ஒரு அழகு. அறிவு அதுக்கு மேல. அந்த ஊர்ல கொழந்தைக்கு மொத வாய் சோறு கிடையாது. வெந்த கிழங்கைத் தேன் தொட்டு நாக்குல வெப்பாங்க. அப்பத்தான் அது அந்த ஊரு ஆளு. தை மாசம் வெக்கணும்னு நஞ்சி நாள் பாத்து வெச்சிருந்தா.

அப்புறம் ஆடி மாசம், கீழ இருந்து டுர்ர்ர்ருன்னு ஒரு ஜீப்பு. காட்டு ஆபீசர் தணிகாசலம் எறங்கினாரு. மலைக் காத்து அவருக்கு ஆகாது. மூக்குலயே பேசுவாரு. கூட சடையன்னு ஒரு வாட்சர். ஆபீசர் என்ன சொன்னாலும் அதோட வாலை மட்டும் புடிச்சுத் திரும்பச் சொல்றதுதான் அவருக்கு வேலை.

"நீங்கள் இந்தச் சரிவில் நெடுங்காலமாகக் கிழங்கு தோண்டுவதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். ஹச்."

"வேண்டுங்கய்யா."

"காட்டினால் சரிவு உங்களுக்கு. காட்டாவிட்டால் வேலி போட்டுத் தைல மரம் நடப்படும். உங்களுக்கு மாதந்தோறும் அரிசி வரும். ஹச்."

"வருங்கய்யா."

நஞ்சி முதுகுல தொட்டில் துணி, அதுல கொழந்தை. அவ சொன்னா: "அரிசி வரட்டும். கிழங்கும் இருக்கட்டும்."

நாலு வார்த்தை ஆச்சா? முடிஞ்சுது.

"ஆடி முடிவதற்குள் மூன்று முறை வருவேன். இது முதல் முறை. காகிதம் ஏதேனும் உண்டா?"

நஞ்சி யோசிச்சா. வீட்டுக்குள்ள போனா. வீடு பூரா தேடி ஒரே ஒரு காகிதம் கொண்டு வந்து குடுத்தா. சந்தையில பொரி கட்டிக் குடுத்தது. ஆபீசர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் படிச்சாரு. பாதி நகைக்கடை, பாதி ராசிபலன்.

"காகிதம், இல்லை" அப்படின்னு எழுதிக்கிட்டாரு.

"இல்லீங்கய்யா."

தூங்கிட்டியா?

"ம்... இல்ல. ரெண்டாவது தடவை?"

ரெண்டாவது தடவை வந்தாரு. "காகிதம் வேண்டாம். நீங்கள் தோண்டிய குழிகளைக் காட்டுங்கள், அளந்துகொள்கிறேன்" அப்படின்னு டேப்பை உருவினாரு. சர்ர்ர்.

நஞ்சி முன்னாடி நடந்தா. "இங்க ஒண்ணு" அப்படின்னா. பாத்தா சருகு. "இங்க." சருகு. "அந்தா அங்க." அங்கயும் சருகு. ஆபீசர் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாரு. சடையன் காலால தட்டித் தட்டிப் பாக்கறாரு. மலை மலையா இருக்கு.

"குழி எங்கே?"

"மூடியாச்சு."

"மூடினால் நான் எதை அளப்பது?"

நஞ்சி அவரையே பாத்தா. மூடாத குழியை ஒரு மனுஷன் ஏன் தேடறான்னு அவளுக்கு வெளங்கலை.

அப்போ புதர் ஓரமா ஆபீசர் கண்ணுல நெசமாவே ஒரு குழி பட்டுச்சு. அவருக்கு ஒரே சந்தோஷம். மண்டி போட்டு டேப்பை உள்ள விட்டாரு. உள்ள இருந்து சரசரசரன்னு ஒரு சத்தம். முள்ளம்பன்னி. பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டே வெளிய வந்து, 'யாருப்பா வாசல்ல?' அப்படிங்கற மாதிரி நின்னுச்சு. ஆபீசர் ஜீப்பு வரைக்கும் திரும்பிப் பாக்கவே இல்ல. அங்க போய் எழுதினாரு: "குழிகள், ஒன்று. தோண்டியது, முள்ளம்பன்றி."

"பன்றீங்கய்யா" அப்படின்னாரு சடையன். ஆபீசர் அவரை ஒரு பார்வை பாத்தாரு.

சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அன்னைக்குச் சாயங்காலம் நஞ்சியோட கொழுந்தன் மருதன் வந்தான். "அண்ணி, நாலு குழி தோண்டிப் போட்டுரலாம். பாத்துட்டுப் போகட்டும். என்ன கெட்டுப் போச்சு?"

"அடுப்பு மூட்டக் கூடாது, மருதா."

"ஒரு நாள் பட்டினி கெடப்போம். சரிவு போச்சுன்னா பாப்பாவுக்கு எதை வெப்பீங்க நாக்குல? தைல எலையையா?"

நஞ்சி கொழந்தையைப் பாத்தா. கம்பைப் பாத்தா. எழுந்து கம்பை எடுத்தா. மருதன், சரி தோண்டப் போறாங்கன்னு கூடவே எழுந்தான். அவ அதைக் கூரையில சொருகிட்டு வந்து உக்காந்துக்கிட்டா.

"ம்."

அதுக்குள்ள ஆபீசர் என்ன செஞ்சாருன்னா, எப்படியும் வேலி போடத்தானே போறோம்னு, கீழ இருந்து ஆளுங்களை அனுப்பி எல்லைக்கல் நட சரிவு ஓரமா குழி தோண்டச் சொல்லிட்டாரு. அவங்க கடப்பாரையை வெச்சு ணங், ணங், ணங்குன்னு தோண்டினாங்க. கல்லு லாரி வரலை. குழியை அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. மழை பேஞ்சுது. மூங்கில் சருகு கொட்டோ கொட்டுன்னு கொட்டி மேல மூடிருச்சு.

மூணாவது தடவை. ஆடி கடைசி நாள்.

"இறுதி வாய்ப்பு. ஒரே ஒரு கொடியைப் பிடுங்கி, கீழே கிழங்கு நீங்கள் வெட்டி வைத்ததுதான் என்று காட்டிவிடுங்கள். எழுதிவிடுகிறேன்."

சின்ன வேலைதானே? ஒரு இழுப்பு. மருதனும், 'இழுங்கண்ணி'ன்னு கண்ணைக் காட்டறான். பதினோரு வீட்டுச் சனமும் நின்னு பாக்குது. நஞ்சி ஒரு கொடிகிட்டப் போனா. அது அப்பத்தான் பச்சைப் பசேல்னு மரத்துல ஏறிக்கிட்டு இருந்துச்சு. கையை வெச்சா. எடுத்துட்டா.

"கொடி ஏறுது. தையில வாங்க."

"தை மாதத்தில் இங்கே தைல மரம் நிற்கும். ஹச்."

"நிக்குங்கய்யா."

ஆபீசர் சட்டுன்னு திரும்பி, விறுவிறுன்னு நாலு எட்டு வெச்சாரு பாரு.

தொபுக்கடீர்.

ஆபீசரைக் காணோம். தொப்பி மட்டும் சருகு மேல உக்காந்திருக்கு.

சடையன் தொப்பியைப் பாத்து, "ஐயா?" அப்படின்னாரு.

குழிக்குள்ள இருந்து, "கண்டுபிடித்துவிட்டேன். குழி. இது யார் தோண்டியது?"

சடையனுக்கு முதல் தடவையா சொந்தமா ஒரு பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. "நம்ம ஆளுங்கதாங்கய்யா. கல்லு நட."

நஞ்சி எட்டிப் பாத்தா. ஆபீசர் மூக்குக்கு நேரா, குழிச் சுவத்துல, ஒரு கொடித்தலை தொங்குது. கடப்பாரை மண்ணைப் பேத்ததுல அது வெளிய வந்திருச்சு. முடிச்சு முடிச்சா, அது மேல வரிசையா வெட்டுத் தழும்பு.

"இது என்ன தழும்பு?" மூக்கடைப்பு எங்க போச்சோ, சாதாரணக் குரல்ல கேட்டாரு.

நஞ்சி கொழந்தையோட குழி ஓரத்துல குந்தினா. கையை நீட்டிக் காட்டினா.

"அடியில சாஞ்சிருக்கே, அது என் வெட்டு. எனக்கு இடது கை. அதுக்கு மேல நேரா இருக்கறதெல்லாம் என் மாமியா. எப்பவும் அவசரம் அவளுக்கு. அதுக்கும் மேல நெளிஞ்சு நெளிஞ்சு போகுதுல்ல, அது அவ மாமியா. கடைசிக் காலத்துல கை நடுங்குமாம். அதுக்கு மேல இருக்கறவங்களை எனக்குத் தெரியாதுங்க."

எண்ணாத. நாலு வார்த்தைக்கு மேலதான். அன்னைக்கு ஒரு நாள் பேசினா.

"அம்மாவும் இடது கைதான் அக்கா."

ஊர்ல எவ்வளவோ பேரு இடது கை. ம் கொட்டுடா.

"ம்."

அப்புறம் மருதனும் சடையனும் சேந்து ஆபீசரைத் தூக்கி வெளிய விட்டாங்க. அவரு பேன்ட்டைத் தட்டினாரு, தொப்பியை வெச்சாரு, ஜீப்பைப் பாத்துக் கிளம்பினாரு.

"ஐயா."

திரும்பினாரு.

"குழியை மூடிட்டுப் போங்க."

ஆபீசர் நஞ்சியைப் பாத்தாரு. பதினோரு வீட்டையும் பாத்தாரு. சடையனைப் பாத்தாரு, சடையன் வானத்தைப் பாத்தாரு. அப்புறம் மண்டி போட்டு, அந்தத் தலையை அது இருந்த எடத்துலயே வெச்சு, ரெண்டு கையாலயும் மண்ணைத் தள்ளினாரு. சருகு பரப்பினாரு. எழுந்திருக்கப் பாத்தாரு. நஞ்சி போகவிடலை. அவரு மறுபடி குனிஞ்சு, தப், தப், தப்.

ஜீப்புல உக்காந்து எழுதினாரு. "திறந்த குழிகள், ஒன்று. தோண்டியது, நாங்கள். மூடியது, அவர்கள் சொல்லி நாங்கள்." அதுக்குக் கீழ, தழும்பு ஒவ்வொண்ணையும் படமா வரைஞ்சாரு. ஓவியம் சுமாராத்தான் வந்துச்சாம்.

தைல மரம் வரலை. தை மாசம் வந்துச்சு. கொழந்தை நாக்குல கிழங்கு வெச்சாங்க. அது த்தூன்னு மருதன் மூஞ்சியிலயே துப்புச்சு. அப்புறம் சப்புக் கொட்டிட்டு இன்னொரு வாய் கேட்டுச்சு. அன்னையில இருந்து அந்தக் கொழந்தைக்கு வாய் அதிகம்னு சொல்றாங்க. யாருன்னு கேக்காத.

"நீயா?"

கேக்காதன்னேன்ல.

"அக்கா... நாம இன்னைக்குத் தின்னோமே, மருதன் சித்தப்பா பஸ்ல போட்டு விட்ட கிழங்கு. அதுக்குத் தலை?"

மொட்டைமாடியில பெயின்ட் டப்பாவுல வெச்சாச்சு. இந்தத் திருப்பூர்ல நமக்கு இருக்கற சரிவு அவ்வளவுதான். யாரு வெட்டி வெச்சா?

"அம்மா. இடது கையால."

மண்ணை யாரு தட்டினா?

"நான்தான். மூணு தட்டு. தப்... தப்..."

மூணாவது எங்கடா? டேய். ம் கொட்டு.

...

அந்தா, பனியன் கம்பெனியில இருந்து வந்து அலுத்துப் படுத்திருக்கற ஆளு குரல் குடுக்குது: "வெளக்கை அணைச்சுட்டுப் படு, புள்ள."

நாலே வார்த்தை. எண்ணிட்டேன்.

சரி. குழியும் மூடியாச்சு, கதையும் மூடியாச்சு. நீ கண்ணை மூடு.