மேலாளருக்குப் பதம் போட்ட செங்கமலம்

ஓசூரில் ஓர் இரும்பாலையில் வேலை முடிந்ததும் தொழிலாளர்களுக்கு உலோகவியல் வகுப்பு நடந்தது. மேலாளர் பரந்தாமனுக்கு அது பிடிக்கவில்லை.

ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்து, “இரும்பு உறுதியாக அதுக்கு எப்படிப் பதம் போடுவீங்க? நெருப்பும் இரும்பும் இல்லாம இப்பவே காட்டுங்க. இல்லேன்னா வகுப்புக்குப் பூட்டு!” என்றார்.

கிரேன் ஓட்டும் செங்கமலம் எழுந்தாள். “சார், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. காலையிலேருந்து ஆலையே சிரிக்குது.”

கோபத்தில் மேலாளர் முகம் பழுக்கச் சிவந்தது. உடனே செங்கமலம் பக்கத்திலிருந்த ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள். அவர் விறைத்து நின்றார்.

“சூடேத்திச் சட்டுனு குளிரவெச்சா இரும்பும் இப்படித்தான் விறைக்கும் சார். ஆனா தட்டினா உடைஞ்சிடும். அதனால மறுபடி இளஞ்சூடு காட்டணும்,” என்று ஒரு டம்ளர் டீயை நீட்டினாள்.

குடித்தவருக்கு அவரையும் மீறிச் சிரிப்பு வந்தது. “சரி, வகுப்பு நடக்கட்டும். அடுத்த பாடம் என்ன?”

“சம்மட்டியால அடிக்கிறது சார்.”

மேலாளர் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.