மலையில் இல்லாத மிளா

சுரைக்கொடியூர் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் "இங்கதான்" என்பார்கள். வெளியூரில் வைத்துக் கேட்டாலும் "இங்கதான்" என்பார்கள். அதனால் வழி சொல்ல முடியாது. ஒரு மலைக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு வேட்டைத் தலைவன் சொரிமுத்து. மூளை இல்லாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. இருந்தது. தேய்ந்துபோகுமே என்று வெளியே எடுக்கமாட்டான். அவன் கழுத்தில் ஒரு ஊதுகொம்பு தொங்கும். அவன் அப்பன் ஊதியது, அப்பனுக்கு அப்பன் ஊதியது. அது எவன் கழுத்தில் தொங்குகிறதோ அவன் ஊருக்குத்தான் மலையில் வேட்டை உரிமை. சொரிமுத்து குளிக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டான். தண்ணீர் உள்ளே போய்ப் போய், ஊதினால் தவளை கத்துகிற மாதிரிதான் சத்தம் வரும்.

வேட்டை என்றால் மிளா வேட்டை. மிளா தெரியும்தானே? கடமான். எருமை நிறம், குதிரை உயரம், தலையில் மரக்கிளை முளைத்த மாதிரி கொம்பு. கேழ்வரகு விளைகிற நேரம் பார்த்து மலையை விட்டு இறங்கும். தோட்டத்தை மொட்டையடித்துவிட்டு ஏறிப் போய்விடும்.

அதற்காக ஜமீன்தார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மழை விட்டதும் வேட்டை தொடங்கவேண்டும். பொங்கலுக்கு முன்னால் தலைவன் ஜமீன் முற்றத்துக்கு வந்து, சபைக்கு நடுவில் நின்று கணக்குச் சொல்லவேண்டும். என்ன கிடைத்தது, என்ன தடங்கல். இந்த இரண்டும்தான் கணக்கு.

போன வருஷம் சொரிமுத்து ஓர் ஆமையைக் கொண்டுபோய் வைத்து, "மிளாக் குட்டி மகாராசா. கொம்பு இன்னும் முளைக்கல" என்றான். ஜமீன்தார் அன்றைக்கு விருந்து சாப்பிட்டு அரைத் தூக்கத்தில் இருந்தார். அதனால் தப்பித்தான்.

"அடுத்த வருசம் அசல் மிளா வரணும்வே. இல்லேன்னா உம்ம ஊதுகொம்பு மேலக்கரட்டூர் பலவேசத்துக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் முழுசாகத் தூங்கினார்.

பலவேசம் வேறு யாருமில்லை, சொரிமுத்துவின் பெண்டாட்டி பேராச்சிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பார்க்கிற இடத்திலெல்லாம் ஒரே பேச்சு.

"மாப்ளே, கொம்பைப் புளி போட்டு வெளக்கி வையும். நான் போட்டுக்கிடும்போது உம்ம வேர்வை நாத்தம் அடிக்கக் கூடாது."

வீட்டில் பேராச்சியும் விடவில்லை. "எங்கண்ணன் கழுத்துல அது தொங்கிச்சுன்னா தெனமும் நம்ம வாசல்ல வந்து நின்னு ஊதுவான். எனக்கு அவன் கொறட்டையே தாங்காது. இந்தத் தடவை மிளா இல்லாம இந்தப் படி ஏறாதீய, சொல்லிட்டேன்." அப்புறம் பாவம் பார்த்து ஒரு யோசனையும் சொன்னாள். "மிளாவுக்கு உப்புன்னா உசுரு. உப்பை வச்சுட்டு ஒளிஞ்சிருங்க. தானா வந்து நிக்கும்."

சொரிமுத்து ஒரு மூட்டை உப்பையும் மூன்று ஆட்களையும் கூட்டிக்கொண்டு மலையேறினான். ஆட்கள்: சங்கிலி, மாசானம், தளவாய். யோசித்துப் பார்த்தால் உப்பு மூட்டைதான் அதில் விவரமானது.

"ஏல, கண்ணுல என்ன பட்டாலும் உடனே எனக்குச் சொல்லணும்" என்றான் சொரிமுத்து.

"அண்ணாச்சி, ஒரு மரம்" என்றான் மாசானம்.

"சரி."

"அண்ணாச்சி, இன்னொரு மரம்."

"முதல்ல சொன்ன மரம்தானல இது?"

"இல்ல அண்ணாச்சி. அது அங்கயே நின்னுட்டு. இது வேற."

"அண்ணாச்சி, மாசானம்!" என்றான் தளவாய்.

"அவன் நம்ம ஆளுல்லா?"

"கண்ணுல பட்டான். சொல்லிட்டேன்."

அது காடு. மரத்துக்குப் பஞ்சமில்லை. பொழுது சாயும்போது அவர்கள் அடிவாரத்தையே தாண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் மிளா ஏதாவது இருந்திருந்தால், இவர்கள் கத்துவதைக் கேட்டே அடுத்த மலைக்குக் குடிபோயிருக்கும்.

மறுநாள் உப்பு யோசனை. மாசானம் வழியெல்லாம் புளியம்பிஞ்சு பறித்து, மூட்டை உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டே வந்தான். சொரிமுத்துக்கு எரிச்சல். உப்பை ஒரு பாறைமேல் கொட்டிவிட்டுச் சங்கிலியைக் காவலுக்கு நிறுத்தினான்.

"பத்திரம்ல. ஒரு கல்லு கொறைஞ்சாலும் உன் தோலை உரிச்சிருவேன்."

மற்ற மூன்று பேரும் எட்டத்தில் ஒரு புதருக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். நன்றாக ஒளிந்துகொண்டார்கள். பாறையே தெரியாத அளவுக்கு. சாயங்காலம்தான் வெளியே வந்தார்கள்.

"ஏதும் வந்துச்சால?"

"வந்துச்சு அண்ணாச்சி. இம்மாம் பெரிய மிளா."

"எங்கல?"

"வெரட்டிட்டேன்."

சொரிமுத்துக்கு மூச்சு நின்று திரும்ப வந்தது. "வெரட்டிட்டியா?"

"உப்பைத் திங்கல்லா வந்துச்சு! நாக்கை நீட்டுச்சு, கம்பால ஒண்ணு போட்டேன். ஓடிட்டு. மறுபடி வந்துச்சு. மறுபடி போட்டேன். பகல் பூரா இதே சோலிதான் அண்ணாச்சி, கை கழண்டு போச்சு. ஆனா ஒரு கல்லு கொறையல. நீங்களே பாத்துக்கிடுங்க."

சொரிமுத்து உட்கார்ந்து பார்த்தான். குவித்த உப்பு குவித்தபடியே இருந்தது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவனை என்னவென்று திட்டுவது? நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, தப்பு யார்மேல் என்று பேசினார்கள்.

"மிளா மேலதான்" என்றான் தளவாய். "யாரு உப்புன்னு ஒரு வார்த்தை கேக்காம நக்க வரலாமா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியால?" என்று சங்கிலியிடம் கேட்டான் மாசானம்.

"அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருப்பேன்."

"மரியாதை தெரியாத மிளா" என்று முடிவானது.

சொரிமுத்து உப்பை மூட்டையில் அள்ளி, தன் முதுகிலேயே கட்டிக்கொண்டான். "இனிமே உப்பு என் பொறுப்பு. அப்புறம் இன்னொண்ணு. நீங்க பேசிப் பேசியே இந்த மலை கெட்டுப்போச்சு. நான் சபையில கணக்குச் சொல்லி முடிக்க வரைக்கும் எவனும் வாயைத் திறக்கக் கூடாது. தலையே போனாலும் சரி."

"தலை போயிட்டா வாய் எங்க அண்ணாச்சி இருக்கும்?" என்றான் மாசானம்.

"பேசாதன்னேம்லா!"

மூன்று வாயும் மூடின.

மிளா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. அடி வாங்கிய அதே மிளாதான். சொரிமுத்துவின் வேர்வையில் மூட்டை நனைந்து உப்பு கசிந்துகொண்டிருந்தது. அது பின்னால் வந்து நின்று நிதானமாக நக்கத் தொடங்கியது. சொரிமுத்து நடந்தால் நடந்தது. நின்றால் நின்றது. அவன் பிடரியில் அதன் மூச்சு சூடாகப் பட்டது.

"மலைக்காத்து நல்லா வருதுல்லா" என்றான் சொரிமுத்து, முன்னால் பார்த்துக்கொண்டே.

சங்கிலிக்குக் கம்பை ஓங்கக் கை துறுதுறுத்தது. ஆனால் உப்பு இப்போது அண்ணாச்சி பொறுப்பு. அடுத்தவன் பொறுப்பில் தலையிடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

மாசானம் மட்டும் முன்னால் ஓடிவந்து, இரண்டு கையையும் தலையில் வைத்து, விரலை விரித்து ஆட்டிக் காட்டினான்.

"தலைவலியால?" என்று சொரிமுத்து அவன் நெற்றியில் சுக்கை அரைத்துப் பூசினான். தளவாய் நாலு காலில் தவழ்ந்து காட்டினான். "உனக்கு வயிறா?" என்று அவன் வாயிலும் சுக்கைப் போட்டான். அதோடு சைகை நின்றது. சுக்கு காரமானது.

வேட்டைக் காலம் முழுக்க இப்படியே போனது. சொரிமுத்து மிளாவைத் தேடினான். மிளா அவன் பின்னாலேயே தேடியது. மூட்டை நாளுக்கு நாள் லேசானது. "பாத்தியளால, மலையேறி மலையேறி எனக்கு எம்புட்டு பலம் கூடிருக்கு!" என்று சொரிமுத்து முதுகைக் குலுக்கிக் காட்டினான். பின்னால் நின்றது கொஞ்சம் பொறுத்து மறுபடி நக்கியது.

கணக்குச் சொல்லும் நாள் வந்தது. கையில் ஒன்றுமில்லை.  சொரிமுத்து கொம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மலையை விட்டு இறங்கினான். கடைத்தெருவில் ஜனங்கள் அலறி ஒதுங்கினார்கள். 'கொம்புக்கு இன்னும் மரியாதை இருக்கத்தான் செய்யுது' என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. இன்றைக்குத்தானே கடைசி.

ஜமீன் வாசலில் ஒரு சேவகன் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரிடமும் சொல்வதையே ஒப்பித்தான்: "மகாராசாவுக்கு முதுகைக் காட்டிராதீரும். பெரிய மரியாதைக்கேடு."

முற்றத்தில் சபை கூடியிருந்தது. பலவேசம் முன்வரிசையில் கழுத்தில் சந்தனம் பூசி, கொம்புக்கு இடம் பண்ணிவைத்து உட்கார்ந்திருந்தான். சொரிமுத்து உள்ளே வந்ததும் அவன் வாய் திறந்தது, மூடவில்லை. ஜமீன்தார் வெற்றிலையை மெல்லாமலே விழுங்கிவிட்டார்.

"சொல்லும்வே" என்றார், மெதுவாக.

சொரிமுத்து நிமிர்ந்து நின்றான். "மகாராசா, கெடைச்சது ஒண்ணுமில்ல. தடங்கல், மலையில மிளா இல்ல. இண்டு இடுக்கு விடாம தேடிட்டோம். ஒரு குளம்புச் சத்தம்கூடக் கேக்கல."

பின்னாலிருந்து சர்ரக் சர்ரக் என்று நக்குகிற சத்தம் வந்தது.

"உமக்குப் பின்னால யாருவே?"

"எங்க ஆளுங்க மகாராசா."

"அவங்களுக்கும் உமக்கும் நடுவுல?"

"நடுவுல யாருமில்ல. கொஞ்சம் மலைக்காத்து."

ஜமீன்தார் எழுந்துவிட்டார். "மிளா நிக்குதுவே! உசுரோட ஒருத்தனும் இதுவரைக்கும் கொண்டு வந்ததில்ல. திரும்பி அதைப் பிடிச்சிரும். கொம்பு உமக்கே, உம்ம பிள்ளைகளுக்கும் சேத்து!"

"மாட்டேன் மகாராசா. உங்களுக்கு முதுகைக் காட்டுத குடும்பத்துல நான் பொறக்கல."

"நானே சொல்லுதேன், காட்டும்!"

"நீங்க பெரிய மனசு, சொல்லுவீய. நான் செய்யலாமா? அதோட, மிளா நின்னா எங்க ஆளுங்க சொல்லமாட்டாங்களா?" சொரிமுத்து தலையை அசைக்காமல் குரல் கொடுத்தான். "ஏல, எனக்குப் பின்னால மிளா நிக்குதா?"

மூன்று பேருக்கும் முகம் சிவந்தது, கன்னம் உப்பியது. கணக்கு இன்னும் முடியவில்லையே. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தியளா மகாராசா? ஒருத்தனும் சொல்லல."

ஜமீன்தார் பொறுமையிழந்து தானே அவன் பின்பக்கம் போகப் பார்த்தார். முதுகு காட்டக்கூடாதே என்று சொரிமுத்து அவரைப் பார்த்தபடியே சுற்றினான். அவனோடு மூட்டை சுற்றியது, மூட்டையோடு மிளா சுற்றியது. நாலு சுற்றில் ஜமீன்தாருக்குத் தலை கிறுகிறுத்தது. போய் உட்கார்ந்துவிட்டார்.

"கணக்கு முடிஞ்சுதாவே?"

"முடிஞ்சுது மகாராசா."

"அண்ணாச்சீ, மிளா!"

மூன்று பேரும் ஒரே குரலில், ஒரு பருவம் முழுக்க அடக்கிவைத்த குரலில் கத்தினார்கள். மிளா ஒரே தாவில் மதிலைத் தாண்டி மலையைப் பார்த்து ஓடிவிட்டது. ஜமீன்தார் நெற்றியில் அடித்துக்கொண்டார். கொம்பு சொரிமுத்துவின் கழுத்திலிருந்து இறங்கிப் பலவேசத்தின் சந்தனத்தில் ஏறியது. அவன் மூச்சைப் பிடித்து ஊதினான். தவளை கத்தியது.

சொரிமுத்துவின் கழுத்து லேசாகிவிட்டது. அழலாமா என்று பார்த்தான். அதற்குள் அவனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"நிசமாவே மிளாவைப் பாத்தியளால?"

"பாத்தோம் அண்ணாச்சி" என்றான் சங்கிலி.

"கடைசியா எங்க பாத்தீய?"

"இங்கதான். இந்த முத்தத்துல" என்று சங்கிலி முற்றத்தைக் காட்டினான்.

"மலையில நான் பாத்தேனா?"

"நீங்க பாக்கல" என்றான் தளவாய்.

"முத்தத்துல மகாராசா பாத்தாவளா?"

"சபையே பாத்துச்சு."

சொரிமுத்து ஜமீன்தாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "மகாராசா, மலையை மச்சானே வச்சுக்கிடட்டும். அங்க ஒண்ணுமில்ல. எங்களுக்கு வேட்டைக்கு இந்த முத்தத்தைக் குடுங்க."

"என்னத்தையும் எடுத்துக்கிடும். இப்ப எல்லாரும் இடத்தைக் காலி பண்ணும்!" என்றார் ஜமீன்தார்.

வீட்டுக்கு வந்தான். மிளா இல்லாமல் படி ஏறக்கூடாது என்று பேராச்சி சொல்லியிருந்தாளே, அதனால் கூரையைப் பிரித்து உள்ளே இறங்கினான்.

"மிளா எங்க?" என்றாள் அவள், விழுந்த ஓலையைத் தலையிலிருந்து தட்டிவிட்டபடி.

"ஜமீன் முத்தத்துல இருக்கு. அடுத்த வருசம் எடுத்துக்கிடலாம்."

வாசலில் தவளை கத்தியது. பேராச்சி விளக்குமாற்றைத் தேடினாள், அண்ணனுக்கா புருஷனுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுவருஷம் மழை விட்டது. ஜமீன்தார் காலையில் வேப்பங்குச்சியோடு கதவைத் திறந்தார். முற்றத்து வாழைமரத்தடியில் சொரிமுத்து ஈட்டியும் கையுமாகக் குந்தியிருந்தான், முதுகில் புது உப்பு மூட்டை. பக்கத்தில் சங்கிலி, மாசானம், தளவாய். நாலு பேரும் இமைக்காமல் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மிளா நின்றது.

ஜமீன்தார் வாயைத் திறந்தார். நாலு பேரும் உதட்டில் விரலை வைத்தார்கள்.

"உஷ்! சத்தம் போடாதீய மகாராசா" என்றான் சொரிமுத்து. "மிளா வருத நேரம்."

ஜமீன்தார் மிளாவைப் பார்த்தார், நாலு பேரையும் பார்த்தார். பிறகு குச்சியை எறிந்துவிட்டு, ஓசைப்படாமல் வந்து சொரிமுத்துவின் பக்கத்தில் குந்தி, அவரும் வாசலையே பார்க்கத் தொடங்கினார். அவர் பிடரியில் ஏதோ சூடாகப் பட்டது.

"மலைக்காத்து" என்றார் ஜமீன்தார், ரகசியமாக.