கொள்ளு தின்ற வாத்து

பனிமலைக்கு அப்பாலிருந்து வந்த வரித்தலை வாத்துகள் ஒரு பெரிய ஏரியில் குளிர்காலத்தைக் கழித்தன. பங்குனி பிறந்ததும் அவை ஊர் திரும்ப வேண்டும். நெடும் பயணம். உடம்பில் சேர்த்த கொழுப்புதான் வழிச்சோறு. அதனால் மாசி முழுவதும் மூச்சுமுட்டத் தின்றன. புறப்படுமுன் ஒன்றின் அடிவயிற்றை மற்றொன்று அலகால் அழுத்திப் பார்க்கும். அலகு மெத்தென்று புதைந்தால், "நீ வரலாம்!" என்று அர்த்தம்.

அந்தக் கூட்டத்தில் செங்காலி என்றொரு வாத்து இருந்தது. ஒரு நாள் ஒல்லிக்குச்சியான நீர்க்காகம் ஒன்று அதைப் பார்த்து, "அம்மாடி! மிதப்பது வாத்தா, பூசணிக்காயா?" என்று கேட்டுவிட்டது. செங்காலிக்கு மானம் போயிற்று.

ஏரிக்கரையில் ஒரு நரி வைத்தியம் பார்த்து வந்தது. அதனிடம் போன நோயாளி யாரும் இரண்டாம் முறை வந்ததில்லை. அவ்வளவு கைராசி!

"வைத்தியரே! இந்த வயிற்றைக் கரைக்க வழி உண்டா?" என்று செங்காலி நீரில் நின்றபடியே கேட்டது.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு! அறுத்த வயலில் சிந்திக் கிடக்கிறது. கூடவே மலையடிவாரத்தில் உதிரும் குடம்புளி. வேறெதையும் தொடாதே!"

"பிறகு பறக்க முடியுமா?"

"பஞ்சு பறக்கவில்லையா? நன்றாகக் கேட்டாய்!"

கூட்டத்தோடு இருக்கும் வாத்தை நரியால் நெருங்க முடியாது. பின்தங்கிய வாத்து என்றால் வேறு விஷயம்.

செங்காலி கொள்ளும் புளியுமாகத் தின்றது. கொழுப்பு கரைந்தது. புறப்படும் நாளில் மூத்த வாத்து அதன் வயிற்றை அழுத்தியது. அலகு எலும்பில் இடித்தது.

"அடி பாவி! இது வயிறா, பலகையா? இந்த உடம்போடு வந்தால் வழியிலேயே விழுவாய்!"

'பொறாமை!' என்று நினைத்துக்கொண்டு செங்காலியும் கிளம்பியது. முதல் மலையைத் தாண்டுமுன்பே சிறகுகள் கெஞ்சின. கூட்டம் நிற்கவில்லை; நின்றால் எல்லோருக்கும் ஆபத்து. செங்காலி தனியாகத் திரும்பி வந்து கரையில் விழுந்தது. கோடை முற்றினால் ஏரி வற்றிவிடும். அதை நினைத்து வாய்விட்டு அழுதது.

நரி ஓடோடி வந்தது. வயிற்றைக் காலால் அழுத்திப் பார்த்தது. அதன் முகம் தொங்கிப்போயிற்று. இந்த எலும்புக்கா இத்தனை நாள் காத்திருந்தோம்!

"மகளே, மருந்து கொஞ்சம் கூடுதலாக வேலை செய்துவிட்டது. கவலைப்படாதே. இளைத்தவனுக்கு எள்ளு!" என்றது.

அன்றுமுதல் நரி எள்ளுக் களத்துக்கு நடையாய் நடந்தது. வாய் நிறைய எள்ளைக் கொண்டுவந்து கொட்டும். வாத்து தின்றதும் வயிற்றை அழுத்திப் பார்க்கும். பார்த்துவிட்டு எச்சில் விழுங்கும்.

செங்காலி இதைக் கவனித்தது. 'எங்கள் கூட்டத்தில் அழுத்திப் பார்ப்பது பயணத்துக்காக. எச்சில் விழுங்கிக்கொண்டு அழுத்துவது எதற்காக?' அதற்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் ஊர் போய்ச் சேரும் தெம்பு இன்னும் வரவில்லையே!

"வைத்தியரே, தலை சுற்றுகிறது! இன்னும் கொஞ்சம் எள்ளு!"

நரி மறுபடியும் ஓடியது. களத்து நாய்கள் அதைத் துரத்தித் துரத்திக் கடித்தன. வேட்டைக்குப் போக நேரமில்லாமல் நரியின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. 'விருந்து கொழுக்கட்டும்' என்று பொறுத்துக்கொண்டது.

ஒரு நாள் காலை செங்காலி தன் வயிற்றைத் தானே அலகால் அழுத்தியது. மெத்தென்று புதைந்தது. அதே நேரம் நரி வாய் நிறைய எள்ளோடு வந்து சேர்ந்தது.

"வைத்தியரே! உங்கள் வைத்தியம் பலித்துவிட்டது!" என்று சொல்லிச் செங்காலி சிறகை விரித்தது.

நரி பாய்ந்தது. இளைத்த கால்கள் எட்டவில்லை. சேற்றில் விழுந்து எள்ளைத் துப்பியது. செங்காலிக்குத் தனியாகப் போகப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, சிறகு ஓயவில்லை.

உன் உடம்புக்கு எது நல்லது என்று அடுத்தவனிடம் கேட்டால், அவன் தன் வயிற்றைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.