மாசிலாமணி மறுத்த கனெக்டர்

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். கை தூக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். இதில் வருகிறவர்கள் தூக்கிவிட்டுத்தான் யோசித்தார்கள்.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தேவநேசன் உயிரோடு ஏறி வரவில்லை. குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்று எழுதிக் கொடுத்தது நிர்வாகம். அது நிலைத்தால் அவன் மனைவி எஸ்தருக்கு இழப்பீடு கிடையாது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயர்தான் மிஞ்சும். சூப்பர்வைசர் அதட்டி இறக்கியதை ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ஒளிந்து நின்று போனில் எடுத்திருந்தார். சங்கம் வழக்கைக் கையில் எடுத்தது.

சங்கச் செயலாளர் மாசிலாமணி. துண்டறிக்கை படித்தே எழுத்துக் கற்றவர், மூன்று ஆட்சிகளில் சிறை பார்த்தவர். நிர்வாகத்தின் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது அவர் உயிராய்க் காத்த விதி. பேச்சுவார்த்தையில் அவர்கள் வைக்கும் டீயைத் தொடக் கூடாது. தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். முன்பிருந்த ஒரு செயலாளர் டீயில் ஆரம்பித்து மாமனார் ஊரில் மாடி வீடு வரைக்கும் போன பிறகு வந்த விதி அது. மீறினால் பொறுப்புப் போய்விடும்.

முதல் விசாரணையன்று மாசிலாமணியின் துணிப்பையைப் பார்த்துச் சிரித்தார் கம்பெனி வக்கீல் சந்தானகோபாலன். "இன்னும் இந்தக் காகிதக் கட்டைத் தூக்கிட்டுத்தான் அலையறீங்களா தலைவரே?" அவர் முன்னால் தகடு மாதிரி ஒரு லேப்டாப் இருந்தது.

அந்தச் சிரிப்பு மாசிலாமணிக்குச் செரிக்கவில்லை. சங்கத்துக்கு அதே தகட்டைத்தான் வாங்க வேண்டும் என்றார். பொருளாளர் ஜைபுன்னிசா எதிர்த்தார்.

"ரெண்டே ஓட்டைதான் இருக்குது அண்ணா, அதுவும் சின்னது. தடியா இருக்கிறதை வாங்குங்க, எல்லா வயரும் மாட்டும்."

"தடியா இருந்தாத்தான் தொழிலாளின்னு எவன் சொன்னான்?" என்றார் மாசிலாமணி. கமிட்டி சிரித்தது, கை தூக்கியது. பெரிய வயரையும் சின்ன ஓட்டையில் மாட்டித் தரும் ஒரு கனெக்டரையும் கூடவே எடுத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். "பொருளையும் வித்து, அதுக்கு வாயையும் தனியா விக்கிறீங்களா?" என்று அவரிடமும் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்தார் மாசிலாமணி.

பிரிண்டர் வயர் அதில் நுழையவில்லை. மவுசும் நுழையவில்லை. பிரிண்டர் கெட்டுப்போய்விட்டதாகச் சங்கத்தில் சொல்லிவைத்தார். எரிச்சலை விழுங்கிப் பழகியவர், இதையும் விழுங்கினார்.

கடைசி விசாரணை தொழிற்சாலைக் கேன்டீனில் நடந்தது. வீடியோவை லேப்டாப்புக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தார் அந்தத் தொழிலாளி. அனுப்பினால் தன் நம்பர் சிக்கும் என்று பயந்து, பென் டிரைவில் போட்டு, கேட்டருகே மாசிலாமணியின் கையில் திணித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். நுழையாது என்று விரலுக்கே தெரிந்தது. கேட்டில் எல்லாருடைய போனையும் பிடுங்கி வைத்தார்கள். தேவநேசன் செத்த பிறகு வந்த கட்டுப்பாடு.

பேட்டரி இறங்கியிருந்தது. கேன்டீன் சுவரில் சார்ஜரைச் செருகிவிட்டு, வீட்டுப் பாட்டிலில் இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து உட்கார்ந்தார் மாசிலாமணி. நிர்வாகம் வைத்த டீ தொடுவாரில்லாமல் ஆடை கட்டியது.

"ஆதாரம் இருக்குதுன்னீங்க. இன்னைக்கு விட்டா முடிஞ்சுது" என்றார் தொழிலாளர் துறை அதிகாரி.

மாசிலாமணி பென் டிரைவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். எஸ்தர் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் தன் பையிலிருந்து ஒரு கனெக்டரை எடுத்து நீட்டினார்.

"என்னுதும் இதே மெஷின்தான் தலைவரே. இது இல்லாம ஒண்ணும் ஓடாது. கடையில சொல்லலையா?"

பென் டிரைவில் சம்பளச் சீட்டு ஏதோ இருக்கிறது என்று நினைத்துத்தான் அவர் நீட்டினார்.

"நிர்வாகத்தின் கையிலேருந்து ஒரு துரும்பும் வாங்க மாட்டோம்" என்றார் மாசிலாமணி. குரல் பொதுக்கூட்டக் குரலாக இருந்தது.

எஸ்தர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ என் புருஷன் குடிகாரனாவே இருக்கட்டுமாண்ணே?"

ஜைபுன்னிசா எழுந்துபோய் வக்கீலின் கையிலிருந்து கனெக்டரை வாங்கி மாட்டினார். "எறங்குடா, ஒண்ணும் ஆவாது" என்று சூப்பர்வைசரின் குரல் கேன்டீன் முழுக்கக் கேட்டது. அதிகாரி எழுத ஆரம்பித்தார். எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வழக்கில் சங்கம் வென்றது. அடுத்த பொதுக்குழுவில் ஜைபுன்னிசா மீது விதியை மீறிய குற்றச்சாட்டு வந்தது. கொண்டுவந்தவர் மாசிலாமணி.

"விளக்கம் உண்டா தோழர்?" என்று கேட்டார் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்.

"வாங்கினது நெஜம்" என்றார் ஜைபுன்னிசா. தன் கைக்காசில் வாங்கிய புதுக் கனெக்டர் ஒன்றை மேசைமேல் வைத்தார். "அடுத்த கேசுக்கு வேண்டியிருக்கும்."

வாக்கெடுப்பு நடந்தது. முதலில் உயர்ந்தது மாசிலாமணியின் கை. பொருளாளர் பொறுப்பு ஜைபுன்னிசாவிடமிருந்து போனது.

இனி நீங்கள் சொல்லுங்கள். விதியை முதலில் மீறியவர் யார்? இருவரில் யார் செய்தது சரி?

விடை: முதலில் மீறியவர் மாசிலாமணி. கேன்டீன் சுவரில் ஓடியது நிர்வாகத்தின் மின்சாரம். அதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டவருக்குக் கனெக்டர் மட்டும் தீட்டாகிவிட்டது. சார்ஜரைச் செருகியதால் அவர் மானம் போகவில்லை. கனெக்டரை வாங்கியிருந்தால், வாங்கக் கூடாத லேப்டாப்பை வாங்கினார் என்பது எதிரி முன்னால் வெளுத்திருக்கும். அவர் காத்தது அந்த மானத்தை. ஆள் விலைபோகாமல் இருக்கத்தான் அந்த விதி. கேன்டீனில் ஜைபுன்னிசா விலைபோகவில்லை, எஸ்தரையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே அவர் செய்தது சரி. சார்ஜர் செருகப்பட்டதை அவர் பார்த்திருந்தார், பொதுக்குழுவில் சொல்லவில்லை. கை தூக்கும்போது மாசிலாமணிக்கும் அந்தப் பிளக் நினைவுக்கு வந்தது. கை இறங்கவில்லை.