அஞ்சலையின் வெங்காயமும் எங்கள் டீசல் தொட்டியும்

எங்க குடும்பத்துல மூளைக்குப் பஞ்சம்னு யாரும் சொல்லிட முடியாதுங்க. பிறந்தப்ப எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவும் அப்படியே இருக்கு. யாரும் எடுத்துச் செலவு பண்ணதே இல்லை. நான் மருதமுத்து. எனக்கு மேல நல்லுசாமி அண்ணன், எங்க ரெண்டு பேருக்கும் துணையா என் பொண்டாட்டி அஞ்சலையோட அண்ணன், மச்சான் காத்தமுத்து. பெரம்பலூர்ப் பக்கம் எங்க மூணு பேரையும் தெரியாதவங்க கம்மி. எதுக்காகத் தெரியும்னு கேக்காதீங்க.

அந்த வருஷம் அஞ்சலை வீட்டுக்குப் பின்னாடி ஒன்றரை ஏக்கர்ல சின்ன வெங்காயம் போட்டிருந்தா. விதைச்சது, களை வெட்டினது எல்லாம் அவளே. கிணத்துக்கு இன்னும் கரண்ட் வரலை. டீசல் இஞ்சின்தான். வெங்காயம் பருக்கிற நேரத்துல டீசல் தீந்துபோச்சு. பங்க்கோ பதினெட்டு கிலோமீட்டர்.

"இன்னும் நாலு நாள்ல தண்ணி பாயலைன்னா வெங்காயம் பூண்டுப்பல்லு கணக்கா நின்னுபோயிடும். வீட்டுலயே ஒரு தொட்டி வச்சு டீசலை ரொப்பி வைங்க. இதையாவது உருப்படியா செய்ங்க" அப்படின்னா அஞ்சலை. சொல்லும்போது குரல் உடைஞ்சுடுச்சு. எனக்கும் மனசு கேக்கலை.

துறையூர்ல ஜமால் பாய் கடையில இருநூறு லிட்டர் இரும்புத் தொட்டி ஒண்ணு வாங்கினோம். அடியில குழாய், மேல மூடி, அம்சமா இருந்துச்சு. "சந்தேகம்னா போன் போடுங்க தம்பி" அப்படின்னாரு பாய். பாவம், நல்ல மனுஷன். எங்களைப் பத்தி அவருக்கு அப்பத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் போன். "தொட்டியை எங்க வைக்கிறது பாய்?"

"நிழல்ல வைங்க. வெயில் படவே கூடாது."

வேப்பமரத்து நிழல்ல வச்சோம். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா தொட்டி வெயில்ல நிக்குது. நிழல் நகந்துபோயிருந்துச்சு. தூக்கி மறுபடியும் நிழல்ல வச்சோம். நிழல் மறுபடியும் நகந்துச்சு. இப்படியே பொழுதன்னைக்கும் மூணு பேரும் தொட்டியைத் தூக்கிக்கிட்டு மரத்தைச் சுத்தி வந்தோம். சாயங்காலம் நிழல் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குள்ள போயிடுச்சு. நாங்களும் போனோம். மாடு அண்ணனை முட்டிடுச்சு.

"வேற மரம் பார்ப்போமா? நகராத மரமா?" அப்படின்னாரு மச்சான்.

"மரம் எங்கடா நகருது? நிழல்தான் நகருது" அப்படின்னாரு அண்ணன். எங்க மூணு பேர்ல அவர்தான் விவரம்.

அஞ்சலை வந்து பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டு, "கீத்துக் கொட்டகைக்குள்ள வைங்க" அப்படின்னு சொல்லிட்டுப் போனா. ஒரு நாள் போச்சு.

ரெண்டாவது போன். "கொட்டகையில வச்சிட்டோம் பாய். அடுத்து?"

"அடுப்பு பக்கத்துல இருக்கக் கூடாது. இருபது அடியாவது தள்ளி இருக்கணும்."

அண்ணன் குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வச்சு அளந்தாரு. அடுப்புக்கும் தொட்டிக்கும் பதினேழு அடிதான். நான் அளந்தேன், பத்தொன்பது. மச்சானுக்குச் சின்னக் கால். அவர் அளந்தாரு, இருபத்திரெண்டு!

"அப்பாடா! மச்சான் அளந்தா ஆபத்து இல்லை" அப்படின்னேன்.

அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சாரு. "அப்ப இந்த வழியா இனிமே காத்தமுத்து மட்டும்தான் நடக்கணும். நான் நடந்தா தூரம் குறைஞ்சு தீப்பிடிச்சுடும்."

அன்னைக்குப் பூரா அடுப்படியிலேருந்து அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோறது மச்சான் வேலையா இருந்துச்சு. ரெண்டு நாள் போச்சு. வெங்காயத் தாள் நுனி மஞ்சளாக ஆரம்பிச்சுச்சு. அஞ்சலை எங்ககூடப் பேசுறதையே விட்டுட்டா.

மூணாவது போன். அதுக்குள்ள பாய் குரல்ல ஒரு சலிப்பு. "அரைத் தொட்டி தண்ணி ஊத்தி ஒரு நாள் விடுங்க. கசியலைன்னா டீசல் ஊத்துங்க. அவ்வளவுதான் தம்பி, அப்புறம் போன் பண்ணாதீங்க."

தெருக்குழாயிலேருந்து குடம் குடமா கொண்டாந்து அரைத் தொட்டி ரொப்பினோம். மறுநாள் காலை வரைக்கும் முறை வச்சு உக்காந்து பார்த்தோம். சொட்டுக்கூடக் கசியலை. மச்சான் குட்டி வண்டியில போய் அஞ்சு கேன்ல நூறு லிட்டர் டீசல் வாங்கியாந்தாரு. நான்தான் சொந்தக் கையால தண்ணிக்கு மேலயே ஊத்தினேன். தண்ணியை வெளியே விடணுமோன்னு எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்துச்சு.

"பாய் சொன்னாரா?" அப்படின்னாரு அண்ணன்.

"சொல்லலை."

"அப்ப அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே."

அன்னைக்கே, நாலாவது நாள் மத்தியானம், இஞ்சினுக்கு டீசல் பிடிக்கக் குழாயைத் திறந்தேன். தெளிவா, சில்லுன்னு வந்துச்சு. அண்ணன் கையில ஏந்தி ஒரு வாய் குடிச்சுப் பார்த்தாரு.

"தண்ணிடா!"

மச்சான்தான் அண்ணன்கிட்ட மெல்லக் கேட்டாரு: "பெரிய மாப்ள, நாம டீசல் வாங்கினது எதுக்கு?"

"இஞ்சின் ஓட்ட."

"இஞ்சின் ஓட்டுறது?"

"தண்ணி எடுக்க."

"தண்ணிதான் வந்துடுச்சே!"

எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுங்க. கிணறு வேண்டாம், இஞ்சின் வேண்டாம், நேரா தொட்டியிலேருந்தே தண்ணி! குழாய்ல ஹோஸை மாட்டி வயல்ல விட்டோம். முதல் பாத்தி பாதி நனையுறதுக்குள்ள வாடை மாறிச்சு. அஞ்சலை "அய்யோ, என் வெங்காயம்!"னு கத்திக்கிட்டு ஓடிவந்து குழாயை மூடினா. நல்லவேளை, ஒரு செடிக்கும் ஒண்ணும் ஆகலை.

அண்ணன் ஹோஸ் நுனியை மோந்து பார்த்தாரு. முகம் கறுத்துப்போச்சு.

"மோசம் போயிட்டோம்டா. பங்க்காரன் கலப்படம் பண்ணிட்டான். மேலாக்கத்தான் தண்ணி குடுத்திருக்கான். மீதியெல்லாம் வெறும் டீசல்!"

அஞ்சலை எங்க மூணு பேரையும் ஒவ்வொருத்தரா பார்த்தா. அப்புறம் ரொம்பப் பதவிசா, "ஆமாங்க. விடாதீங்க. மூணு பேரும் போய் நல்லாக் கேட்டுட்டு வாங்க. அவசரமே இல்லை" அப்படின்னா. ரெண்டு நாளைக்கு அப்புறம் எங்கிட்ட அவ பேசின முதல் பேச்சு. எனக்கு வந்த வீரத்தைச் சொல்லி முடியாது.

ஒரு டம்ளர்ல அத்தாட்சியைப் பிடிச்சுக்கிட்டுப் பங்க்குக்குப் போனோம். அங்க இருந்த ஆள் மோந்து பார்த்துட்டு, "இது சுத்தமான டீசலாச்சே!" அப்படின்னான்.

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்!"னு அண்ணன் கர்ஜிச்சாரு. "மரியாதையா எங்க தண்ணியைக் குடு!"

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க. எல்லாம் சரியாயிடும்" அப்படின்னான்.

வீட்டுக்கு வந்து பார்த்தா, ஒன்றரை ஏக்கரும் பாத்தி பாத்தியா தண்ணி தளும்பி நிக்குது. கிணத்து மேட்டுல இஞ்சின் படபடன்னு ஓடுது. அஞ்சலை மண்வெட்டியோட மடை மாத்திக்கிட்டு இருக்கா, முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

அண்ணன் மீசையைத் தடவிக்கிட்டாரு. "பார்த்தியாடா? பயந்துபோய்த் தண்ணியை அனுப்பிட்டான்."

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இடிச்சுச்சு. "நாம வண்டியிலதானே வந்தோம். நமக்கு முந்தி அது எப்படிண்ணே வந்து சேர்ந்துச்சு?"

"மடையா, நாம ரோட்டைச் சுத்தி வந்தோம். தண்ணிக்கு என்ன, வாய்க்கால் வழியா குறுக்கால வந்துடும்" அப்படின்னாரு அண்ணன்.