வில்லின் திருகாணி

“இந்த ஒரு கச்சேரிக்கு மட்டும் வலி அடங்க ஊசி போட்டுவிடுங்க, டாக்டர்.”

அமலி வலது கையை மேசைமேல் வைத்தாள். வயலின் வில் பிடிக்கிற கை. கட்டைவிரலடியிலிருந்து மணிக்கட்டுவரை வீங்கிக் கிடந்தது.

வாத்தியக்காரர்களின் கைகளைப் பார்த்தே பழகியவர் டாக்டர் மெஹருன்னிசா. வீக்கத்தைத் தொடக்கூட இல்லை.

“எப்போ வலிக்குது?”

“வாசிக்கிறதை நிறுத்தினா.”

“அதனால?”

“நிறுத்துறதே இல்ல.”

“நல்ல வைத்தியம். யாரு சொல்லிக் குடுத்தது?”

அமலிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் அவளுடைய எட்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“பிள்ளை பெத்தப்புறம் இதுதான் முதல் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை நான் போகலேன்னா என் இடத்துல வேற ஆள் உட்கார்ந்துரும். அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவா?”

“வாசிங்க, பார்ப்போம்.”

பெட்டியிலிருந்து வயலினை எடுத்து வாசித்தாள். வில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளுக்கே தெம்பு வந்துவிட்டது.

முடித்ததும், பழக்கதோஷத்தில், வில்லின் அடியில் முடியை இறுக்கிப் பிடிக்கும் திருகாணியைத் தளர்த்தப் போனாள்.

கட்டைவிரல் திரும்பவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். கண்ணில் நீர் முட்டியது.

“விடுங்க. அப்படியே பெட்டியில வைங்க.”

“ஐயோ, கூடாது டாக்டர். முடியைத் தளர்த்தாம வெச்சா வில்லோட குச்சி கோணிடும்.”

“உடனேவா?”

“உடனே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா.”

டாக்டர் வில்லை வாங்கி, தானே தளர்த்திக் கொடுத்தார்.

அமலி அதைப் பெட்டியில் வைத்தாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“காலையில குளிப்பாட்டும்போது பிள்ளை இந்தக் கையிலிருந்து நழுவிட்டான் டாக்டர். சுருக்குன்னு ஒரு வலி. அந்த வலியிலதான் அவன் நழுவுறதே எனக்குத் தெரிஞ்சது. சட்டுன்னு இடது கையை முட்டுக் கொடுத்துட்டேன். இல்லேன்னா…”

டாக்டர் எழுந்துபோய் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தார்.

“கச்சேரி முடியறவரைக்கும் தாங்கும். வீட்டுக்குப் போனப்புறமும் தாங்கும். அந்தச் சுருக்கு மட்டும் இருக்காது.”

கட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டது. அம்மாவைப் பார்த்ததும், தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.

“கையைக் காட்டுங்க,” என்றார் டாக்டர்.

அமலி கையை இழுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.