ஏழாம் நம்பர் தாள்

"எல்லாரும் பொய் சொல்றாங்க, மாஸ்டர்" என்றாள் தேன்மொழி.

அமலதாஸ் மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேரம் போர்டில் பவுடரைத் தூவி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழி லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்று பட்டம் வாங்கிய டாக்டர். குடிப்பழக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அந்த மீனவக் குப்பத்துக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. தெருமுனையில் ஒரு பந்தல், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கையில் அறுபது கேள்வி அச்சடித்த தாள். முதல் கேள்வியே, வாரத்தில் எத்தனை நாள் குடிப்பீர்கள் என்பதுதான்.

நாற்பத்தொரு ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நாற்பத்தொரு பேரும் "குடிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். அதோடு சரி. அப்புறம் பந்தல் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைக்குள் உருப்படியான பதில்கள் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், குடியை விட நினைக்கிறவர்களுக்கு இந்தக் குப்பத்திலேயே சாயங்கால ஆஸ்பத்திரி ஒன்று திறப்பார்கள். போகாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

அவளுக்கு இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை. அவள் அண்ணன் குடித்தே செத்தவன். ஒருமுறை பெரியாஸ்பத்திரி வாசல்வரை போனான். தெரிந்தவர் யாரோ அங்கே நிற்பதைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துவிட்டான்.

குப்பம் மாஸ்டர் பேச்சைத்தான் கேட்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னதால், அவரைத் தேடிக் கேரம் கிளப்புக்கே வந்திருந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா உண்மையைச் சொல்லிடுவாங்க. எனக்கு வேற வழி தெரியல."

மாஸ்டர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பந்தலைப் பார்த்து நடந்தார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்ட்ரைக்கரைப் போட்டுவிட்டு அவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

பந்தலில் அவர் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த நாற்காலி தெருவைப் பார்த்துக் கிடக்கிறது. வலை பின்னுகிற பெண்கள், டீ கிளாஸும் கையுமாக நிற்கிறவர்கள், குழாயடிக் கூட்டம், எல்லோருடைய கண்ணும் அவள் முகத்தில் இருந்தது. பன்னிரண்டு நாளும் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு இது தெரிய நியாயமில்லை.

மாஸ்டர் ஒரு புதுத் தாளை எடுத்தார்.

"வாரத்துல எத்தினி நாளும்மா குடிப்பே?"

தெருவே சிரித்தது. அவளுக்குக் காது சூடேறியது.

"நான் குடிக்கிறதில்ல, மாஸ்டர்."

அவர் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளின் மூலையில் ஒரு வட்டம் போட்டார்.

"எதுக்கு வட்டம் போடுறீங்க? நான் நெசமாவே குடிக்கிறதில்ல."

"எங்களுக்கு நீ எதுக்குப் போட்டே?"

பதிலை நம்ப முடியாது என்றால் மூலையில் சிவப்பு வட்டம். ஆராய்ச்சியில் அது வழக்கம். அந்த அர்த்தத்தை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மூன்றாவது ஆள் எழுந்து போவதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். தாளில் பெயர் எழுதக் கூடாது என்று வந்தவர்களுக்கெல்லாம் அவளே கொடுத்த நம்பர் சீட்டு அது. ஏழு.

அவள் கட்டைப் பிரித்து ஏழாம் நம்பர் தாளை உருவினாள். வயது ஐம்பத்தெட்டு. குடிப்பதில்லை. மூலையில் சிவப்பு வட்டம்.

"நான் அதைத் தொட்டுப் பதினாலு வருசமாச்சும்மா" என்றார் மாஸ்டர்.

இதே மனிதர் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். அவள் தாளைப் பார்த்தாளே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

அண்ணன் ஞாபகம் வந்தது. "இன்னிக்கு நான் குடிக்கலடி" என்று அவன் சொன்ன போதெல்லாம் கிட்டே போய் அவன் வாயை மோந்து பார்த்தவள் அவள். சில நாள் வாசனையே இருந்ததில்லை. அன்றைக்கும் அவள் நம்பினதில்லை.

அத்தனை பேர் முன்னாலும் தேன்மொழி அழுதாள். வெட்கப்படாமல் அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாஸ்டர் எழுந்து கொடுத்த தன் நாற்காலியை இழுத்து, அதையும் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். நாற்பத்தொரு தாளையும் எடுத்து, ஒவ்வொன்றாக, எல்லோரும் பார்க்க வட்டத்தைக் கோடு போட்டு அடித்தாள்.

"தப்பு என்னுதுதான்" என்றாள். "ஏழாம் நம்பர், உக்காருங்க."

மாஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் கேள்வியை அவள் கேட்கவில்லை. யாருமே எட்டாத நாற்பத்தேழாம் கேள்விக்குப் போனாள்.

"சாயங்காலம் என்ன செஞ்சா உங்களுக்குச் சந்தோஷம்?"

அவ்வளவுதான், மாஸ்டர் பிடித்துக்கொண்டார். ஆறு மணி அடித்தால் கால் தானாகக் கடைப்பக்கம் இழுத்தது, அந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஒரு போர்டு வாங்கிப் போட்டது, முதல் மாதம் கை நடுக்கத்தில் ஒரு காய் விழாதது என்று முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் ஒருவன் புகுந்து, கேரம் என்ன பெரிய கேரம், பாறைமேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிற சுகம் வருமா என்றான். இன்னொருத்தர் கோயில் பாட்டுக் குழுவில் தான் பாடுவதைச் சொன்னார். சொன்னதோடு விடாமல் பாடியும் காட்டினார்.

மறுநாள் பந்தலில் வரிசை நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் எண்பத்தாறு தாள், அறுபது கேள்விக்கும் பதிலோடு.

கடைசியாக வந்தவன் சூசைமுத்து. முதல் தடவை, பெத்த தாய்மேல் ஆணையாக ஒரு சொட்டுக்கூட இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவன். இப்போது நேராக உட்கார்ந்தான். எதிரே வலை பின்னிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டிக்கும் கேட்கும்படி சொன்னான்.

"தினம் குடிக்கிறேன். காலையில எழுந்ததும் ஆரம்பிச்சிடுவேன். எழுதிக்க."

அவள் எழுதினாள்.

சனிக்கிழமை தாள்கள் போய்ச் சேர்ந்தன. மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரி வந்தது. வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள் என்று யோசித்து, யார் கண்ணிலும் படாமல் வந்துபோகப் பின்பக்கம் ஒரு வாசல் வைத்திருந்தார்கள்.

திறந்த அன்று சாயங்காலம் தேன்மொழி அந்தப் பின்வாசலில் போய்க் காத்து நின்றாள். ஒருத்தரும் வரவில்லை. அப்போது முன்பக்கம் கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள்.

நடுத்தெருவில், குப்பமே வேடிக்கை பார்க்க, பத்திருபது பேர் முதல் நம்பர் சீட்டுக்காகத் தள்ளுமுள்ளு.

"டேய் சூசை, வரிசையில வா" என்றது ஒரு குரல். "உனக்கு மின்னாடியே உண்மையைச் சொன்னவன் நானு."